செவ்வாய்க்கிழமை மூக்குத்தி

துப்பறியும் அப்துல் ரசாக்கின் ஆபீஸ் சூலியா தெருவில், காசு மாற்றும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கோர்ட்டில் துபாஷியாக இருந்து, மற்றவர்கள் சொன்ன பொய்களையெல்லாம் மூன்று பாஷைகளில் பெயர்த்துச் சொல்லி அலுத்துப்போய், இனிச் சொந்தப் பொறுப்பில் பொய்யைப் பிடிக்கலாம் என்று வேலையை விட்டவர். ஊரே அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடும்.

ஜெயலெட்சுமி அவரிடம் டைப் அடிக்க வந்தவள். அதற்கு முன் ஒரு வக்கீலிடம் இருந்தாள். கட்சிக்காரர் முன்னாலேயே வக்கீலின் ஆங்கிலத்தைத் திருத்தியதால் அந்த வேலை போயிற்று. நானாவிடம் அந்த ஆபத்து இல்லை. திருத்தினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

முப்பத்தாறாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுப்பையா மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். துறைமுக ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கு சித்திர சபையின் காரியதரிசி. தலைப்பாகை இல்லாமல் அவரைப் பார்த்தவர் ஊரில் யாருமில்லை. இன்று அவர் கையில் போர்வை சுற்றிய பலகை போன்ற ஒன்று இருந்தது.

"ரசாக், இது ரொம்ப ரகசியம்."

"இங்க வர்றது எல்லாமே ரகசியம்தான் ஐயா. ஜெயா, கதவைச் சாத்து."

"சாத்தினா காத்து வராது நானா. ரகசியம் வேர்த்துப்போயிடும்."

சுப்பையா போர்வையை விலக்கினார். உள்ளே எண்ணெய்ச் சாயத்தில் ஒரு பெண்ணின் முகம். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. அந்தப் புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது, எதிரே நிற்பவன் இப்போதுதான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டது போல. வலது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி எரிந்தது.

"நவமணி டீச்சர் மாதிரியே இருக்கே!" என்றாள் ஜெயலெட்சுமி.

"மாதிரி என்னம்மா, அவளேதான். மெட்ராஸ் சித்திரப் பள்ளிக்கூடத்துல டிப்ளமா முடிச்சுட்டு வந்தவ. இப்ப லண்டன்ல மேல்படிப்புக்கு மனு போடுறா. பத்துப் படம் அனுப்பணும். அதுல ஒண்ணு, தன்னையே கண்ணாடியில பார்த்து வரைஞ்சதா இருக்கணும். போட்டோவைப் பார்த்து எழுதக் கூடாது, வேற ஒரு கை படக் கூடாது. 'இது இவங்க கைதான்'னு உள்ளூர்ச் சபைக் காரியதரிசி கையெழுத்துப் போடணும்."

"போட வேண்டியதுதானே?" என்றார் நானா.

"ரொம்ப நல்லா இருக்கே ரசாக். அதுதான் சந்தேகம்."

"நல்லா இல்லாம இருந்தா சந்தேகப்படாம போட்டிருப்பீங்களா ஐயா?" என்றாள் ஜெயலெட்சுமி.

"ஆமாம்மா," என்றார் சுப்பையா. ஊசி குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை கப்பல் தபால். அதை விட்டா இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிடும். நான் மாட்டேன்னா பள்ளிக்கூடத்துலயும் ஏன்னு கேப்பாங்க, அந்த வேலைக்கும் ஆபத்து. தெரியாம ஒரு பொண்ணைக் கெடுக்கவும் கூடாது, தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போடவும் கூடாது. நீதான் சொல்லணும்."

நானா படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டி நின்றார். பிறகு கிட்டே போனார். மறுபடியும் எட்டிப் போனார். கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து கைக்கண்ணாடியை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. கோர்ட்டில் யாராவது பொய்ச்சாட்சி உளறும்போது வருகிற களை.

"ஜெயா, இங்க வா. உன் மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"வலது. நானா பார்த்ததே இல்லையா?"

"கண்ணாடியில பாரு. உள்ள ஒரு பொண்ணு இருக்காளே, அவளுக்கு எந்தப் பக்கம்?"

ஜெயலெட்சுமி பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்தவளை ஒரு தனி மனுஷியாக நினைத்துப் பார்த்தால் அவளுக்கு மூக்குத்தி இடது பக்கம் இருந்தது.

"கண்ணாடி பக்கத்தை மாத்திடும்," என்றார் நானா. "நவமணிக்கு மூக்குத்தி வலது. கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சிருந்தா படத்துல இடது மூக்குல இருக்கணும், தழும்பு வலது புருவத்துக்குப் போயிருக்கணும், வகிடும் மாறியிருக்கணும். இதுல எல்லாம் அதது இடத்துல இருக்கு. அப்படின்னா?"

"அப்படின்னா?" என்றார் சுப்பையா, நாற்காலி நுனிக்கு வந்து.

"எதிர்ல ஒரு ஆள் உக்காந்து அவளைப் பார்த்து வரைஞ்சிருக்கான். கேஸ் முடிஞ்சுது."

சுப்பையா கை தட்டியே விட்டார். ஜெயலெட்சுமி மட்டும் படத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். நெற்றியில் தொடங்கி மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் முகத்தின் நட்டநடுவே தலைமுடி கனத்தில் ஒரு நேர்க்கோடு இறங்கியது. நூல் ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். நூல் இல்லை. சாயத்தாலேயே இழுத்த கோடு.

"நானா, இங்க ஒரு கோடு இருக்கு."

"துணி மடிஞ்ச தழும்பு. கெட்டிக்காரத்தனமா ஒண்ணு கண்டுபிடிச்சா போதும் ஜெயா, ரெண்டு வேண்டாம். யார் அந்த ஆளுன்னு பேரை வாங்கிட்டு வந்துடலாம், வா."

நவமணி குடியிருந்த டத்தோ கிராமாட்டுக்கு இரண்டு ரிக்‌ஷா வைத்துக்கொண்டார்கள். ஒன்றில் நானா. இன்னொன்றில் ஜெயலெட்சுமியும், போர்வை சுற்றிய நவமணியும்.

பள்ளிக்கூட விடுமுறை. அசல் நவமணி வீட்டில் தரையில் உட்கார்ந்து மற்றப் படங்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். நானாவின் கையில் போர்வையைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"கையெழுத்து ஆயிடுச்சா நானா?"

அந்தக் கேள்விக்கு ஜெயலெட்சுமி ஜன்னலைப் பார்த்தாள். நானா மூக்குத்திக் கணக்கை விளக்கினார். நவமணியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஆனால் கண் மட்டும் கலங்கவில்லை.

"யாரும்மா வரைஞ்சது?"

"நான்தான்."

"அப்ப எதிர்ல உக்காந்திருந்தது?"

"அதுவும் நான்தான்."

"எங்க வச்சு?"

நவமணி மறுபடியும் காகிதம் சுற்ற உட்கார்ந்தாள்.

"அதை மட்டும் கேக்காதீங்க நானா. என் மானம் மட்டும்னா சொல்லித் தொலைச்சிருப்பேன். அந்த இடத்தைச் சொன்னா சுப்பையா ஐயா அங்க போவாரு. அவரு அங்க போகவே கூடாது."

சுப்பையாவின் பெயரைச் சொன்னபோது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டதை ஜெயலெட்சுமி பார்த்தாள். அழுகையை அடக்க உதட்டைக் கடிப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அந்தக் கடி இல்லை. இவள் சிரிப்பை அடக்குகிறாள்.

"என் கை மேல சந்தேகம்னா இந்தாங்க," என்று நவமணி ஒரு பென்சிலை எடுத்தாள். நானா கண்ணை மூடித் திறப்பதற்குள் காகிதத்தில் நானாவே வந்துவிட்டார். மூக்கை மட்டும் பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே இழுத்து, நுனியில் சுழித்து விட்டிருந்தாள். அந்த மூக்கைப் பார்த்தாலே தும்மல் வந்தது.

"கை நல்ல கைதான்," என்றார் நானா, படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு. "திறமை இருக்கிறவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு எந்தக் கோர்ட்டுலயும் நான் கேட்டதில்ல."

வாசலில் வீட்டுக்காரி நல்லம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"நல்ல பொண்ணுதான், குறை சொல்லலாமா? ஆனா செவ்வாய்க்கிழமை ஆனா போதும், பள்ளிக்கூடம் விட்டதும் பொட்டியும் பலகையுமா ரிக்‌ஷா ஏறிடும். பொழுது சாய வரும். வந்தா மேல என்ன வாசனைங்கிறே? ஆம்பளைங்க மூஞ்சிக்குப் போடுற பவுடரு, படிகாரம்! நான் எதையும் சொல்லல, ஆமா."

திரும்பி வரும்போது நானாவின் ரிக்‌ஷா முன்னால் போனது. அவர் முதுகிலேயே வெற்றி தெரிந்தது. சூலியா தெருவில் இறங்கியதும் வாய் திறந்தார்.

"ஆள் ஆம்பளை. பவுடர் போடுற ஷோக்குப் பேர்வழி. செவ்வாய்க்கிழமைதான் அவனுக்கு ஓய்வு. செவ்வாயில லீவு விடுற ஆபீஸ் எதுன்னு கண்டுபிடிச்சா ஆளைப் பிடிச்சுடலாம்."

"கவர்னரைத் தவிர எல்லாரையும் விசாரிக்கணும் போலிருக்கே."

"கொஞ்சம் யோசிக்கணும். வா, ராமசாமி கடையில தாடியை ஒதுக்கிக்கிட்டே யோசிக்கிறேன். அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் எனக்கு மூளை ஓடுது."

ராமசாமியின் முடிதிருத்தும் கடை, சந்து ஒன்று சூலியா தெருவில் வந்து சேரும் முனையில் இருந்தது. கடை வாசல்களை ஒட்டிக் கூரைக்கடியில் ஓடும் காக்கி லீமா நடைபாதையில் நடந்து போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. நானா பலகைக் கதவைத் தட்டினார்.

"அலாமாக்! இந்த நேரத்துல ஏன் பூட்டி வச்சிருக்கான்?"

"வாராவாரம் மறந்துடுறீங்களே நானா. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை லா. செவ்வாயில எந்த முடிவெட்டுற கடை..."

ஜெயலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"பவுடர், படிகாரம், செவ்வாய்க்கிழமை," என்றாள் மெதுவாக.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. எந்த மாதிரி வெட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் காட்டுவதற்காக, அதற்குள் எண் போட்டு வரிசையாகத் தலைகளின் படங்கள். போன வருஷம் இந்த இடத்தில் ஏதோ சோப்பு விளம்பரம்தான் இருந்தது. ஒவ்வொரு தலைக்கும் மூக்கு ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே இறங்கி, நுனியில் சுழித்திருந்தது. நாலாம் எண்ணில் அவள் கண் நின்றது. அலை அலையாகச் சுருண்டு நெற்றியில் புரளும் அடர்ந்த முடி. அதற்குக் கீழே சந்தேகமே இல்லாமல் சித்திர சபைக் காரியதரிசி சுப்பையாவின் முகம்.

"நானா," என்றாள். தூணைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கக் கதவு திறந்தது. கைலியோடு எட்டிப் பார்த்த ராமசாமிக்கு, நானாவையும் அவர் கையிலிருந்த போர்வை சுற்றிய படத்தையும் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"நானா, சத்தியமா இன்னைக்கே எடுத்துடறேன்! சுப்பையா ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

நானா ஒரு கணம் படங்களைப் பார்த்தார், ஒரு கணம் ராமசாமியைப் பார்த்தார். கோர்ட்டுக் களை மறுபடியும் முகத்தில் வந்துவிட்டது.

"ஆக, நீதான்! செவ்வாய்தோறும் அவளை எதிர்ல உக்கார வச்சு வரைஞ்ச கை இதுதான்! கேஸ் முடிஞ்சுது!"

"இன்னைக்கு இது ரெண்டாவது தடவை முடியுது," என்றாள் ஜெயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானா, எனக்கு வகிடு எடுத்தாலே கோணிக்கிட்டுத்தான் போகும், நான் எங்க படம் வரையறது?" ராமசாமி கிட்டத்தட்ட அழுதான். "எல்லாம் டீச்சர் வரைஞ்சது. லீவு நாள்ல கடையைத் தர்றதுக்குப் பதிலா வரைஞ்சு கொடுத்தாங்க. முகம் எதையாவது வைங்கம்மான்னு நான்தான் சொன்னேன். அவங்க சுப்பையா ஐயா முகத்தை வச்சுட்டாங்க."

"அப்ப அவளுக்கு எதிர்ல உக்காந்தது யாரு?"

"யாரும் இல்ல நானா. அந்த மூலையில தனியா உக்காந்து தானா வரைவாங்க. என் சம்சாரம் வெத்தலை போட்டுக்கிட்டுக் கூடவே இருக்கும்."

ஜெயலெட்சுமி அதற்குள் உள்ளே போய்விட்டாள். பின்கதவு வழியாக நல்ல வெளிச்சம் வந்தது. ராமசாமியின் கடையில் ஊரில் வேறெங்கும் இல்லாத ஒன்று உண்டு. மூடிப்போன ஓட்டல் ஒன்றின் ஏலத்தில் எடுத்த இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள். வைக்க வேறு இடமில்லாமல், மூலையில் இந்தச் சுவரில் ஒன்று, அந்தச் சுவரில் ஒன்று என்று விளிம்போடு விளிம்பு சேர்த்து அடித்திருந்தான். மூலையை நோக்கி ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள்.

இரண்டு கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு பெண் அவளைப் பார்த்தாள்.

ஜெயலெட்சுமி வலது கையைத் தூக்கினாள். வழக்கமாகக் கண்ணாடியில் இருப்பவள், நாம் தூக்கிய பக்கமே தூக்குவாள். இவளோ எதிர்ப்பக்கத்துக் கையைத் தூக்கினாள், எதிரே நிற்கும் இன்னொருத்தி தூக்குவது போல. மூக்குத்தி வலது மூக்கில்தான் இருந்தது. ஒரு கண்ணாடி மாற்றியதை இன்னொரு கண்ணாடி திருப்பி மாற்றிவிட்டது. நெற்றியில் தொடங்கி மூக்கு வழியாகத் தாடை வரைக்கும், இரண்டு கண்ணாடியின் விளிம்பும் சேரும் கோடு முகத்தின் நடுவே தலைமுடி கனத்தில் இறங்கியது.

இத்தனை வருஷமாகத் தன் முகம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இந்த முகத்தில் சிரிப்பு இன்னொரு ஓரத்தில் கோணியது. ஊரெல்லாம் தினமும் பார்க்கிற முகம். அவள் மட்டும் பார்க்காத முகம். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஜெயலெட்சுமி பேசாமல் இருந்தால் நானாவுக்குப் பயம் வந்துவிடும்.

"என்ன ஜெயா? உடம்புக்கு என்ன?"

"போர்வையை எடுங்க நானா."

படத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். அதே கோடு, அதே இடம்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம எழுதியிருக்காங்க," என்றாள் ஜெயலெட்சுமி. "கோட்டைக்கூட விடல. ஏமாத்துறவளா இருந்தா முதல்ல அதைத்தான் மறைச்சிருப்பா."

நானா கண்ணாடியில் எட்டிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தாடியைத் தடவினார். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது சரிதான் ஜெயா. ஒரே ஒரு கண்ணாடிதான் குறைஞ்சுது."

ஆள் விட்டு நவமணியை வரவழைத்தார்கள். அவள் வந்து, மூவரும் மூலைக் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

"வீட்டுக் கண்ணாடியில பார்த்து ஒண்ணு வரைஞ்சேன் நானா. நல்லாத்தான் வந்துச்சு. ஆனா மூக்குத்தி அந்தப் பக்கம் நிக்குது. எங்கம்மாகிட்ட காட்டினா, 'யாருடி இவ, உன் சாயல்ல இருக்கா'ன்னு கேட்டாங்க. லண்டனுக்கு யாரோ ஒருத்தியை அனுப்பி, நான்னு சொல்றதா? மத்தவங்க பார்க்கிற என்னை நான் ஒரு தடவையாவது பார்க்கணும்னு தோணுச்சு. அதுக்கு இந்த ஊர்ல இருக்கிறது இந்த மூலைதான்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"டீச்சர் முடிவெட்டுற கடையில உக்காந்திருந்தான்னா ஊர் என்ன சொல்லும்? சரி, அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா கையெழுத்துப் போட வேண்டியவரு வாசல்லயே தொங்குறாரே நானா! நான் என்ன பண்ணுவேன்?"

சுப்பையா தன் கண்ணால் இந்த மூலையைப் பார்க்காமல் நம்ப மாட்டார். அவர் இங்கே வந்தால் நாலாம் எண்ணைப் பார்க்காமல் போக மாட்டார்.

"அதை மட்டும் கழட்டி ஒளிச்சுடலாம்," என்றாள் ஜெயலெட்சுமி. "காலையில அவரைக் கூட்டிட்டு வரேன். மூலையில உக்கார வைக்கிறோம், கையெழுத்து வாங்குறோம், அனுப்பி வைக்கிறோம். யார் நாலாம் நம்பரைத் தேடப் போறா?"

ராமசாமி என்னவோ சொல்ல வாயெடுத்தான். நானா அவனை அடக்கிவிட்டார்.

புதன்கிழமை காலை எல்லாம் ஜெயலெட்சுமி சொன்னபடியே நடந்தது. நாலாம் எண் படம் கழற்றப்பட்டு, சவரத் துண்டுகளின் அடுக்குக்கு அடியில் போனது. கடையில் வேறு ஆள் யாருமில்லை. சுப்பையா மூலை நாற்காலியில் உட்கார்ந்து வலது கையைத் தூக்கினார், இடது கையைத் தூக்கினார், நாக்கை நீட்டினார், பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். நவமணியின் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"அம்மா நவமணி," என்றார். "நான் சந்தேகப்பட்டது தப்பு. இவ்வளவு நேர்மையா ஒருத்தி தன்னையே பார்த்து வரைஞ்சதை நான் கண்டதில்ல. கொண்டா காகிதத்தை."

நவமணி காகிதத்தை நீட்டினாள். சுப்பையா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

அப்போதுதான் யூசுப் உள்ளே வந்தான். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் வாலிபன். மூலையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நேராக நடு நாற்காலியில் போய் விழுந்தான்.

"ராமசாமி அண்ணே, சாயங்காலம் பொண்ணு பார்க்கப் போறேன். நாலாம் நம்பர் போட்டுடுங்க. அதான், செக்ரட்டரி கிராப்பு."

ராமசாமி சீப்பைக் கீழே போட்டான்.

"என்ன கிராப்பு?" என்றது மூலை.

"செக்ரட்டரி கிராப்பு சார். உங்களுக்குத் தெரியாதா? இப்ப துறைமுகம் முழுக்க அதான். படம் வாசல்லயே... அண்ணே, படம் எங்க காணோம்?"

ராமசாமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவன் கண் தானாகத் துண்டு அடுக்கின் மேல் போனது. சுப்பையா எழுந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கடைசித் துண்டுக்கு அடியில், சுருள் முடி நெற்றியில் புரள, அவரே படுத்திருந்தார்.

திறந்த பேனா அவர் கையில் இருந்தது. காகிதத்தில் கையெழுத்து இல்லை. நானா கூரையைப் பார்த்தார்.

"நான்தான் ஐயா வரைஞ்சேன்," என்றாள் நவமணி. "ராமசாமி அண்ணன் மேல தப்பில்ல. வேற யார்கிட்டயும் கேக்காதீங்க."

சுப்பையா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றித் துண்டுகளின் மேல் வைத்தார். உள்ளே தேய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி வழவழவென்று இருந்தது. யூசுப் ஏதோ சொல்ல வந்து, ஜெயலெட்சுமியின் முழங்கை விலாவில் பட்டதும் விழுங்கிக்கொண்டான்.

"கல்யாணத்தப்ப எனக்கு முடி இப்படியேதான் இருந்துச்சு," என்றார் சுப்பையா. "சரியா இந்தச் சுருள்தான். இங்க நெத்தியில வந்து விழும். என் சம்சாரம் ஒதுக்கி விடும். உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல ஐயா. முகத்தைப் பார்த்தா அதுக்கு மேல என்ன முடி இருந்திருக்கும்னு தெரியும்."

"எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்களா?" என்று அவர் யூசுப்பைக் கேட்டார்.

"எல்லாரும் சார். எங்க ஆபீஸ்ல மேனேஜர்கூட."

சுப்பையாவின் முகம் சிவந்தது. ராமசாமி பக்கம் திரும்பினார். "அப்பேர்ப்பட்ட படத்தை நீ துண்டுக்கு அடியில போட்டு வச்சிருக்கே! அழுக்குத் துண்டு! உனக்கு அறிவிருக்காடா?"

"ஐயா, நான் வந்து..."

"பேசாதே."

அவர் உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்து, கொம்பு சுழி ஒன்று விடாமல் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நவமணி அதை வாங்கி மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் ஊதினாள்.

"ஒரு நிபந்தனை," என்றார் சுப்பையா. "இந்தப் படமும் லண்டனுக்குப் போகணும்."

"ஐயா, பத்துப் படம்தான் கேட்டிருக்காங்க. இது சும்மா கடைக்கு..."

"பதினொண்ணு போனா கப்பல் மூழ்கிடாது. ராமசாமி கடைக்கு இதே மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு கொடுத்துட்டுப் போ. இந்தத் தடவை சட்டம் போட்டு."

வெள்ளிக்கிழமைக் கப்பலில் பதினோரு படங்கள் போயின. அதன் பிறகு நவமணி தபால்காரனைக் கண்டால் எழுந்து நிற்பதும், அவன் கடந்து போனதும் உட்காருவதுமாக இருந்தாள். மழைக்காலம் வந்து போனது. நல்லம்மாள் செவ்வாய்க்கிழமைகளில் பேச விஷயமில்லாமல் தவித்தாள். ஒருநாள் சுப்பையா சித்திர சபையின் அவசரக் கூட்டம் கூட்டினார். நானாவுக்கும் ஜெயலெட்சுமிக்கும் முன் வரிசையில் நாற்காலி.

லண்டனிலிருந்து சபைக்கு வந்த பதிலைச் சுப்பையா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார். குமாரி நவமணியை மேல்படிப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவள் வந்து சேர வேண்டியது செப்டம்பர் மாதம். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. நவமணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெயலெட்சுமி அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். இந்தத் தடவை அவள் அழுகிறாள் என்பதில் சந்தேகமில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் சுப்பையா.

தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். அனுப்பிய படங்கள் அனைத்திலும் அடர்ந்த கேசமுடைய கனவானின் படமே தேர்வுக் குழுவினரின் மனத்தை மிகவும் கவர்ந்ததாம்.

சபை எழுந்து நின்று கை தட்டியது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, இரண்டாம் முறை வாசித்தார்.

பிறகு யாரும் கேட்காமலே மூன்றாம் முறையும் வாசித்தார்.